ஒரு மயிர் அகலம்

மூன்று பேர் ஒரே கோட்டோடு போய்விட்டார்கள்.
மேல் டிவிசன் மருதைக்கு இடது கன்னத்தில்,
பேக்கரி சவரியானுக்குத் தாடைக்குக் கீழே,
மூன்றாமவர் பஸ் பிடிக்கிற அவசரம், பெயர் கேட்கவில்லை.
வழித்த முகத்தில் வழிபடாத ஒரு கோடு,
நூல் போட்டு இழுத்த மாதிரி.

மருதைதான் திரும்பி வந்து
என் விரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் தேய்த்தான்.
"என்னண்ணே, நர்சரிக்குன்னு
ஒரு வரிசை விட்டு வச்சிருக்கீங்களா?"

கத்தியைப் பல்புக்குக் கீழே சாய்த்தேன்.
கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது,
மழுங்கின இடந்தான் மினுங்கும்.
நடுவில், எள்ளில் பாதி,
மினுங்கியது.
நகத்தில் வைத்து இழுத்தேன். தட்டியது.
பள்ளத்துக்குள் ஏதோ கறுப்பு.
துருவென்றால் சிவந்திருக்கும்.
முகர்ந்தேன்: பென்சில்.

துஷானிக்கு இந்த வருசம் புலமைப்பரிசில்.
சலூனுக்குப் பின்னறைதான் எங்கள் வீடு.
அவள் மேசைக்கடியில் ஒரு சீவலும் இல்லை.
பெருக்கியிருந்தாள்.
விளக்குமாறு தொடாத பிள்ளை.
தகர வளையம் மட்டும் அழிறப்பர் துண்டோடு
அடுப்படி மூலையில் கிடந்தது.
நான் கேட்கவில்லை.
அன்றிரவு வழக்கத்தைவிடச் சத்தமாக
வாய்ப்பாடு படித்தாள்.

உடைந்த இடத்தில் இரும்பை ஒட்டவைக்க முடியாது.
அந்தப் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும்
வாய் முழுவதையும் இறக்க வேண்டும்.
எள்ளில் பாதிக்காக.

நேரம் இருந்தது.
மறுநாள் சம்பளப் பிரச்சினை வெடித்து
யாரும் கொழுந்துக்குப் போகவில்லை.
பெரட்டுக் களத்தில் குந்தியிருந்தார்கள்.
கையில் காசில்லாத தோட்டத்தில்
தாடி வளர யார் தடை?

கல்லை வாளியில் போட்டேன்,
குமிழி அடங்கும்வரை.
அக்கரப்பத்தனைத் தண்ணி, தை மாசம்.
விரல் விறைத்துவிட்டால் அழுத்தம் தெரியாது,
கேத்தலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.
முதுகும் வாயும் ஒன்றாய்க் கல்லில் படிய
வாயை முன்னே விட்டுத் தள்ளினேன்,
முதுகில் புரட்டி இழுத்தேன்.
கத்தியின் சொந்தப் பாரத்துக்கு மேல்
ஒரு குண்டுமணி எடை கூடக் கூடாது.
சாம்பல் நிறத்தில் பால் இறங்கியது.
கல் தேய்ந்ததா கத்தி தேய்ந்ததா,
அந்தப் பாலுக்கே தெரியாது.
இருநூறுவரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன்.
நகம் வைத்தால் இன்னும் தட்டியது.

தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாய் உறைந்து நின்றது.
தையல் மிஷின் எண்ணெய் பூசிப் படுத்தேன்.
இங்கே மூடுபனி கதவு தட்டி வருவதில்லை,
ஒரு ராத்திரி போதும் உருக்குக்கு.

இரண்டாம் இரவு நகம் வழுக்கியது.
மூன்றாம் இரவு நைஸ் கல், அப்புறம் வார்.
தோலைக் கொளுக்கியில் மாட்டினால்
எல்லாமே தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே.
கல்லில் போன திசையை மறக்காதவன்
தோலையும் கிழிப்பான், மூன்று இரவையும் கிழிப்பான்.
தீட்டின மரத்திலேயே பதம் பார்க்கக்கூடாது என்பார்கள்.
நான் இடது முன்கையில் பார்ப்பேன்.
கவ்வாத்து வெட்டின மலை மாதிரி
அது எப்போதும் மொட்டைதான்.

முடிந்தது. கல் இன்னும் ஈரம்.

அவள் பெட்டியைத் திறந்து பச்சைக் கட்டரை எடுத்தேன்.
அது பென்சிலைச் சீவியிருக்கவில்லை, மென்றிருந்தது.
கத்தரிக்கோல் நுனியால் திருகாணியைக் கழற்றி
சுண்டுவிரல் நகமளவு தகட்டை
ஒற்றை விரலால் கல்லில் தேய்த்தேன்.
ஒரு பீடி நேரம்.

காலையில் அவள் பென்சிலைத் திருகினாள்.
சீவல் அறுபடாமல் இறங்கியது,
சிவப்பு விளிம்போடு, மடிவரைக்கும்.
பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் மருதை, நாலு நாள் தாடி.
கோடு அதற்குள் எங்கேயோ.
"முடிஞ்சிருச்சுண்ணே" என்றான்,
எவ்வளவுக்கு என்று சொல்லாமல்
கழுத்தை நாற்காலியில் சாய்த்தான்.